ஓட்டத்தைப் பறித்த கம்பி

செங்கம்மாளுக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். டெல்லி துவாரகாவில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் முன்னால் தடுப்புக் கம்பி முளைத்த நாளிலிருந்து அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

அவள் புருஷன் காத்தவராயன் வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். டெல்லியில் டேலா என்று சொல்லும் மூன்று சக்கர மிதிவண்டியில் கேன்களை அடுக்கிக்கொண்டு வருவான். மழைத் தண்ணீர் உள்ளே வராதிருக்க மண் கொட்டி உயர்த்திய குடியிருப்பு அது. சாலையிலிருந்து மேலே போக ஒரு சிமெண்ட் சரிவு. பாரவண்டி அதில் ஏற ஒரே வழிதான் உண்டு. மருந்துக் கடை முனையிலேயே சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதிக்க வேண்டும். மிதித்ததெல்லாம் வண்டிக்குள் வேகமாகச் சேரும். சரிவில் அந்த வேகம் செலவாகச் செலவாக வண்டி உயரும். வேகம் தீருவதற்கும் மேடு முடிவதற்கும் சரியாக இருக்கும். இயக்க ஆற்றல் நிலை ஆற்றலாக மாறுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவது இதைத்தான்.

அந்தச் சரிவின் அடியில் கொண்டுபோய் நட்டார்கள் கம்பியை. மேலே வாசலருகே சமதரையில் நட்டிருக்கலாம். அடியில் மின்கம்பம் இருந்தது, கொஞ்சம் ஒயர் மிச்சமாம். குடியிருப்புக்காரர்களின் கார் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கண்டதும் கம்பி தானாக எழுந்து வழிவிடும், கார் நிற்கவே வேண்டாம். டேலாவுக்கு ஸ்டிக்கர் கிடையாது. காவலாளி "ருக்கோ" என்று கை காட்டி நிறுத்துவான். கேன் கேட்ட வீட்டுக்குப் போன் போடுவான். அவர்கள் அச்சா என்ற பிறகுதான் பொத்தானை அமுக்குவான். என்ஜின் வைத்திருப்பவர் நிற்காமல் போகலாம், காலை நம்பிப் பிழைப்பவன் நின்றுதான் போக வேண்டும். இப்படியொரு நியாயத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஆயுளில் ஒரு சைக்கிளைக்கூடத் தள்ளியிருக்க மாட்டார்கள்.

நின்ற வண்டியை அந்த மேட்டில் ஏற்ற ஒருவனால் ஆகாது. அதனால்தான் செங்கம்மாள் வண்டிக்குப் பின்னால் வந்து சேர்ந்தாள். முன்பு அவளுக்குத் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பில் ஒரு செங்கல் வீடு இருந்தது, பக்கத்திலேயே ஜங்புராவில் வீட்டுவேலை இருந்தது. 2025இல் கேம்ப்பை இடித்தபோது இரண்டும் போயின. துவாரகா பக்கம் ஒற்றை அறைக்கு வந்து அலையாய் அலைந்து இரண்டு வீட்டில் வேலை பிடித்திருந்தாள். கம்பி வந்ததும் அந்த வேலையையும் விட்டாள். முன்னால் அவன் இழுக்க, பின்னால் இவள் தோள் கொடுத்துத் தள்ளுவாள். தண்ணீர் தளும்பும் சத்தம் காதோரம் கேட்கும். இடிக்க வந்த இயந்திரம் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு உத்தரவுக்காக நின்றதை அவள் பார்த்தவள். மேட்டில் நிற்கிற பாரம் கீழே வரத்தான் காத்திருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சதாசிவம் தமிழர், ஓய்வுபெற்ற அதிகாரி. நம்மாள் கேட்பார் என்று நம்பி இருவரும் போனார்கள்.

"சார், அந்தக் கம்பிய மேல வாசலாண்ட மாத்திட்டா நாங்க ஓட்டத்துலயே ஏறிடுவோம்," என்றாள் செங்கம்மாள். "நின்னு ஏத்துனா வண்டி பின்னால வந்துடும் சார்."

சதாசிவம் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு நிமிஷம் நின்னா என்னம்மா குறைஞ்சு போச்சு? மெதுவா தள்ளிட்டுப் போங்க."

"மெதுவாத்தான் சார் ஏறாது."

"ஏறும். பழகிடும்."

அடுத்த வாரமே நடு மேட்டில் செயின் கழன்றது. வண்டி பின்னால் வந்தது. அவள் விலகியிருக்கலாம். விலகினால் ஹாண்டில்பாரைப் பிடித்திருக்கும் காத்தவராயனையும் இழுத்துக்கொண்டு வண்டி சாலைக்குப் போகும், பஸ் ஓடும் சாலை. பல்லைக் கடித்துக்கொண்டு தோளை எடுக்காமல் நின்றாள். சக்கரம் அவள் வலது பாதத்தின் மேல் ஏறி, பக்கச் சுவரில் முட்டி நின்றது. கட்டைவிரல் எலும்பு முறிந்தது. இரண்டு கேன் உடைந்தது.

சத்தம் கேட்டு சதாசிவம் வந்தார். "ஏம்பா, சரிவெல்லாம் தண்ணி பாரு. கார் வழுக்கும். ஜல்தி துடைங்க," என்றார். அவள் பாதத்தை அவர் பார்க்கவே இல்லை. காவலாளிதான் தன் கைக்குட்டையைக் கொடுத்தான், அவனுக்காவது கண் இருந்தது.

கட்டுப் போட்ட காலோடு மறுபடி கிளம்பினாள்.

"நீ வூட்ல இரு புள்ள. அரை வண்டியா ரெண்டு தபா அடிச்சுக்கறேன்," என்றான் காத்தவராயன்.

"வண்டிய எடு."

அன்று எப்படியோ மேலே ஏற்றிவிட்டார்கள். சரிவின் உச்சி ஒரு கார் அகலம்தான், எப்போதும் வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் இறக்குவார்கள். அன்று அவள் அங்கேயே சக்கரத்துக்குக் கல் வைத்தாள்.

"ஓரமா தள்ளிடலாம் வா."

"இங்கயே எறக்கு. ஒவ்வொண்ணா எறக்கு."

கீழே கம்பி தானாக எழுந்தது. சதாசிவத்தின் கார் ஜோராக ஏறி வந்து, வண்டியைக் கண்டு நடு மேட்டில் பிரேக் போட்டது. அதன் பின்னால் ஒரு முழம் தள்ளி இன்னொரு கார் வந்து நின்றது. ஹாரன் அலறியது.

"ஏம்மா, வண்டிய எடு. மேட்டுல நிறுத்தினா எப்படி?"

காத்தவராயன் அடுத்த கேனை இறக்கினான். சதாசிவம் கிளட்சை மிதித்தார், விட்டார். கார் உறுமியது, கருகல் நாற்றம் வந்தது, ஒரு சாண் பின்னால் போனது. "எடும்மா, கார் பின்னால போகுது," என்று கத்தினார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

செங்கம்மாள் நொண்டிக்கொண்டே இறங்கி அவர் ஜன்னலருகே வந்தாள்.

"ரெண்டு நிமிஷம் நின்னா என்ன சார் குறைஞ்சு போச்சு?"

பிரேக்கில் அவருக்குக் கால் தடுமாறியது. கார் இன்னும் ஒரு சாண் இறங்கிப் பின்னால் நின்ற காரின் ஹெட்லைட்டை உடைத்தது. யாருக்கும் அடியில்லை. அந்தக் கார்க்காரர் இறங்கிவந்து போட்ட சத்தத்தில் நான்கு மாடி ஜன்னல்கள் திறந்தன.

பிழைப்பு போயிற்று என்றுதான் காத்தவராயன் நினைத்தான். ஆனால் இரண்டே நாளில் ஆட்கள் வந்து கம்பியைப் பிடுங்கி மேலே சமதரையில் நட்டார்கள். ஒயருக்கு வழி பிறந்துவிட்டது. லிஃப்ட் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். செங்கம்மாள் காவலாளியைப் படிக்கச் சொன்னாள். கேன் வண்டிகள் சரிவில் தேங்கி உறுப்பினர்களின் கார்களுக்குச் சேதம் ஏற்படுவதால் தடுப்பு இடம் மாற்றப்படுகிறது, அவ்வளவுதான்.

"என் காலப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா அண்ணே?" என்று இந்தியில் கேட்டாள்.

அவன் இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையை ஆட்டினான்.

அவளுக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. சரிவின் அடியில் சுவரோரமாக வந்து நின்றாள். மருந்துக் கடை முனையில் காத்தவராயன் சீட்டைவிட்டு எழுந்து மிதிப்பது தெரிந்தது. கேன்கள் குலுங்க டேலா அவளைத் தாண்டி ஓடி, ஒரு மூச்சில் மேலே போய்ச் சேர்ந்தது. பின்னால் தள்ள யாரும் தேவைப்படவில்லை.

அவன் மேலிருந்து சிரித்துக்கொண்டே, "பாத்தியா புள்ள, ஏறிடுச்சு," என்றான்.

"ஒரு வெளக்கு ஒடஞ்சதும் புடுங்கி நட்டானுங்க," என்றாள் அவள். "என் வெரலு ஒடஞ்சப்ப தண்ணியத் தொடைக்கச் சொன்னானுங்க."