கொசுக்காரருக்குக் கிடைத்த இரண்டு இடம்

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கொசுக்காரர் என்றால்தான் தெரியும். நகரச் சுகாதார அலுவலகத்தில் கொசு ஒழிப்புப் பிரிவில் அவருக்கு வேலை. காலையில் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினால் ஊரார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கம் என்று ஒன்று விடாமல் குனிந்து பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். சொந்தக்காரர்கள் சாப்பிடக் கூப்பிட்டாலும், முதலில் கொல்லைப்பக்கம் போய் வாளிகளைக் கவிழ்த்துவிட்டுத்தான் கை கழுவ வருவார். அதனாலேயே எங்களைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, அந்த வீடுகளில் ஒன்றிலும் சமையல் உருப்படியாக இருக்காது.

நான் பல் கட்டும் கூடத்தில் வேலை செய்கிறவள். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், நாங்கள் பல் செட் செய்து கொடுப்போம். பல வருஷம் மெழுகிலும் மாவிலும் கையை நனைத்த பிறகு இந்த வருஷம்தான் என்னை மேசைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். சத்தம் போடும் உரிமையும் பதவியோடு சேர்ந்து வந்துவிட்டது என்று அவர் கிண்டல் செய்வார். அதற்கு முன்னால் மட்டும் நான் வாயை மூடிக்கொண்டா இருந்தேன்!

மனிதருக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை. வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் எம்.எஸ்ஸி. முடித்தவர், கொசுவைப் பற்றி முழுநேர ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக அலுவலகத்தில் படிப்பு விடுப்பும் கிடைத்தது. விண்ணப்பம் போட்டார், இரண்டு இடத்துக்கு நேர்காணலுக்குப் போய் வந்தார். கடைசியில் இரண்டு இடமும் கிடைத்துவிட்டது. அங்கேதான் வந்தது வினை.

ஒன்று எங்கள் ஊரிலேயே, வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால் வந்துவிடும். கண்ணாடிக் கட்டடம், பேர் பெற்ற பேராசிரியர், அவருக்குக் கீழே ஒரு படையே ஆராய்ச்சி செய்கிறது. இன்னொன்று ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஒரு சின்ன ஊரில், சதுப்பு நிலத்தை ஒட்டிய பழைய கட்டடத்தில் இருக்கிற ஒரு சின்னத் துறை. அங்கே ஓர் அம்மாதான் பேராசிரியர். போனால் மூன்று வருஷம் அங்கேயே தங்க வேண்டும், லீவுக்குத்தான் வீட்டுக்கு வரலாம். நான் கூடப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இப்போதுதான் கைக்கு வந்த பொறுப்பை விட்டுவிட்டு வா என்று அவர் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

எந்த இடம் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். மனிதர் மதில் மேல் பூனையானார். காலையில் பல் தேய்க்கும்போது இங்கே, சாயங்காலம் துணி மடிக்கும்போது அங்கே. என் நாத்தனார் வேறு ஃபோனில் தம்பியைப் பிடித்துக்கொண்டு, "பொண்டாட்டியத் தனியா விட்டுட்டு சேத்துல போய் உக்காரப் போறியா? பேசாம பக்கத்துல இருக்கிறதுல சேருடா" என்று ஓதினாள். பொதுவாக நாத்தனாரும் நானும் எதிலும் ஒத்துப்போவதில்லை. அன்றைக்கு அவள் பேச்சு எனக்குத் தேனாக இனித்தது. கடைசியில் அவரும், "பக்கத்துல இருக்கிறதே போதும். எதுக்கும் புதன்கிழமை நேர்ல ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு வந்து சொல்லிடறேன்" என்றார். நான் அன்றைக்கு ஸ்பெஷலாக டீ போட்டுக் கொடுத்தேன்.

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. அவர் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போயிருந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அவருடைய அலுவலகத்து ஆள், கையில் டார்ச்சோடு நிற்கிறார். பட்டப்பகலிலும் டார்ச் அடித்துப் பார்ப்பவர் என்பதால் அவருக்கு டார்ச் என்றே பெயர். எங்கள் தெருவில் அன்றைக்கு வீடு வீடாகச் சோதனையாம்.

"உங்க வீட்டைப் பாக்கவே வேணாம் அண்ணி. இருந்தாலும் பாக்கலன்னா நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க. சும்மா ஒரு எட்டு" என்று பால்கனிப் பக்கம் போனார்.

போனவர் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். செருப்பு அலமாரிக்குப் பின்னால் டார்ச்சை அடித்தபடி, பேயைக் கண்டவர்போலக் குந்தியிருந்தார். அங்கே ஒரு கறுப்புக் கிண்ணத்தில் தண்ணீர், தண்ணீர் நிறையப் புழு. வாலை ஆட்டிக்கொண்டு, மேலே வருவதும் கீழே போவதுமாக அத்தனையும் கொழுகொழுவென்று இருந்தன.

"அண்ணி, இது கொசுப்புழு" என்றார் மெதுவாக, வீட்டில் துக்கச் செய்தி சொல்வதுபோல.

"அது ஏதோ ஆபீஸ் வேலைன்னு சொன்னாரே! இந்த மாதிரி பால்கனி பூரா வச்சிருக்காரு."

"ஆபீஸ்ல இப்ப அந்த மாதிரி வேலை எதுவும் நடக்கலையே அண்ணி."

தேடிப் பார்த்ததில் பூந்தொட்டிகளுக்கு நடுவிலும் வாஷிங் மெஷின் ஓரத்திலும் இன்னும் பல கிண்ணங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் உள்விளிம்பிலும் ஒரு துணிப் பட்டை சுற்றியிருந்தது. அவற்றில் புழு இல்லை. டார்ச் எல்லாவற்றையும் பட்டையோடு சாக்கடையில் கவிழ்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று முனகியபடி வாசல் கதவில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். 'இந்த வீட்டில் கொசுப்புழு கண்டறியப்பட்டது. எச்சரிக்கை.' ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்! எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். அவள் வீட்டு மீன்தொட்டியைப் போன மாதம்தான் இவர் குறை சொல்லிவிட்டு வந்திருந்தார்.

சாயங்காலம் அவர் வந்தார். கதவுக்கு வெளியே வெகுநேரம் சத்தமே இல்லை. நான்தான் திறந்தேன். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது.

"படிச்சாச்சா? இல்ல நான் படிச்சுக் காட்டணுமா?"

"செருப்பு அலமாரிக்குப் பின்னாடி ஒண்ணு இருந்துச்சே, அதை மறந்துட்டேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "போன வாரம் மழையில கிண்ணம் நெறஞ்சு, பட்டையில இருந்த முட்டை நனைஞ்சு பொரிஞ்சிருக்கும். ஆமா, மத்த கிண்ணமெல்லாம் எங்க?"

"உங்க டார்ச் சாக்கடையில கொட்டிட்டாரு."

"எல்லாத்தையுமா? அந்தப் பட்டையில எத்தனை முட்டைன்னு நான் இன்னும் எண்ணவே இல்லையே!"

ஊர் சிரித்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை, முட்டை போனதுதான் பெரிதாகப் பட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. யாருக்காக இந்தக் கூத்து என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அந்தச் சின்ன ஊர்ல ஒரு அம்மா இருக்காங்கன்னு சொன்னேன்ல, அவங்க நேர்காணல்ல ஒரு கேள்வி கேட்டாங்க. இந்தக் கொசு தன்னோட முட்டை எல்லாத்தையும் ஒரே இடத்துல போடறதில்ல. இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம்னு போடும். முதல் கிண்ணத்துல போதும்னு அதுக்கு எப்படித் தெரியுதுன்னு கேட்டாங்க. இத்தனை வருஷமா கொசு பின்னாடியே அலையறேன், எனக்கு அது தோணவே இல்ல பாரு! தெரியலன்னு சொன்னேன். 'எனக்கும் தெரியல, வாங்க சேர்ந்து பாக்கலாம்'னாங்க. அதான் ஊருக்கு வந்ததும் கிண்ணம் வச்சுப் பாத்தேன். நிழல்ல இருக்கிற கிண்ணத்துல நெறையப் போடுது, சரி. ஆனா அதுலயே முழுக்கப் போடல. ஏற்கெனவே முட்டை இருக்கிற பட்டையை எடுத்துட்டுப் புதுசு வச்சா..."

ஷூவைக்கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு பேசினார். ஒரு கை கிண்ணமானது, இன்னொரு கை கொசுவானது. ஸ்டிக்கரை மறந்தார், எதிர்வீட்டை மறந்தார், என் கோபத்தையும் மறந்துவிட்டார். நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். எனக்கு அதில் பாதி புரியவில்லை. ஆனால் இந்த மனிதரை எனக்குப் புரிந்தது.

"சரி, இன்னைக்குப் போன எடத்துல என்ன பாத்தீங்க?" என்றேன்.

யோசித்தார். "கேண்டீன் நல்லாயிருக்கு. லிஃப்ட் ரொம்ப வேகமாப் போகுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எல்லாம் நல்லாத்தான் இருக்கு." பாக்கெட்டிலிருந்து ஃபோனை எடுத்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? இப்பவே பக்கத்துல இருக்கிறவங்களுக்கு வரேன்னு அனுப்பிடறேன்."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். மூன்று வருஷமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பார், பல் கூடத்தில் யார் மாவைக் கெடுத்தார்கள் என்று நான் புலம்புவதற்கு ஒரு காது இருக்கும். அது எனக்கு வேண்டியிருந்தது. சத்தியமாக வேண்டியிருந்தது. அவர் விரல் ஃபோனில் எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அனுப்பாதீங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"கண்ணாடிக் கட்டடத்துல லிஃப்ட்டைப் பாத்துட்டு வந்திருக்கீங்க. அந்த அம்மா கேட்ட ஒரு கேள்விக்காகச் சொந்த வீட்டுலயே புழு வளத்து மானத்தை வாங்கியிருக்கீங்க. இதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு?"

"உன்னைத் தனியா விட்டுட்டு எப்படி..."

"என் மேல பழி போடாதீங்க!" என்று கத்தினேன். "எனக்காகத்தான் போகலன்னு வாயால சொல்ல மாட்டீங்க. மூஞ்சியில எழுதி ஒட்டிக்கிட்டுத் திரிவீங்க. அதை எவ பாக்கிறது? நான் மேசைப் பொறுப்பு ஏத்துக்கட்டுமான்னு கேட்டப்ப, வீட்டை யாரு பாக்கிறதுன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேக்கலல்ல? அப்போ இப்ப நான் மட்டும் எப்படிக் கேப்பேன்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும். ரொம்ப இருக்கும். இருக்காதுன்னு யாரு சொன்னா?"

தட்டியதை அழித்துவிட்டு, அந்த அம்மாவுக்கு வருகிறேன் என்று தட்டினார். சரியாக இருக்கிறதா பார், நீயே அனுப்பிவிடு என்று என்னிடம் நீட்டினார். படிக்கப் போவது நானா, நீங்களே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அமுக்கினார்.

அதற்குப் பிறகு அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பால்கனிக்குப் போனார், வந்தார். அக்காவுக்கு ஃபோன் போட்டு, அவள் திட்டத் திட்டச் சிரித்தார். நாற்பதை நெருங்கும் மனிதர், பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய பிள்ளைபோல அறைக்கு அறை நடந்துகொண்டிருந்தார். நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அது என்னை விட்டுத் தூரமாகப் போகிற சந்தோஷம் என்று தெரிந்தும், பாழாய்ப்போன மனசு, அதுவும் கூடச் சேர்ந்து சந்தோஷப்பட்டது.