கடல்பனியின் அடிப்பக்கம்

இங்கே நான் கடல்மேல் நடந்து வேலைக்குப் போகிறேன். நார்வேக்கு வடக்கே, குளிர்காலத்தில் கடல் உறைந்துபோகும் ஒரு தீவு. கரடி வருகிறதா என்று ஒருவர் துப்பாக்கியோடு காவல் நிற்க, நாங்கள் பனியில் துளையிட்டு ஒலிபெருக்கியையும் மைக்கையும் நீருக்குள் இறக்குவோம். கீழிருந்து போகும் ஒலி பனியின் அடிப்பக்கத்தில் மோதித் திரும்புவதைக் கேட்பதுதான் என் வேலை. மேலே சிமெண்டுத் தரை மாதிரி இருக்கும் பனி, அடியில் மேடும் பள்ளமுமாகத் தொங்கும். மோதிய ஒலி நாலாபக்கமும் சிதறி, துண்டு துண்டாகத்தான் வந்து சேரும்.

துடியலூர்க்காரியான எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. கோவையில் ஆராய்ச்சி செய்தபோது, மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போடும் கம்பெனியில் ஐஸ் பார் வாங்கி, கல்லூரித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு ஒலி அனுப்பினேன். தகர அச்சில் உறைந்த ஐஸ். அடிப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. ஒலி சிதறாமல் திரும்பியது. அதை வைத்து நான் போட்ட கணக்கை என் வழிகாட்டிப் பேராசிரியர் தன் பெயரில் மட்டும் வெளியிட்டார். நியாயம் கேட்கப் போன அப்பாவிடம், "புள்ளைக்குக் கணக்கு வரலீங்க, கட்டிக் குடுத்துப்போடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு வந்தார். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

போன குளிர்காலத்தில் பேராசிரியரே இங்கு வந்தார். எங்கள் திட்டத்தில் சேர அவருக்கு ஆசை. 'தன்' கணக்கைப் பனிமேல் செய்துகாட்ட வேண்டும். எங்கள் கோவைப் பக்கத்தில், தேடி வந்தவரை "வாங்க" என்று கேட்காமல், அதாவது வாய்விட்டு வரவேற்காமல், விடுவது செருப்பால் அடிப்பதற்குச் சமம். அதற்காகவே பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. அவருக்குக் கையுறை கொடுத்தேன், காபி கொடுத்தேன், சிரித்தேன். வாங்க என்று மட்டும் கேட்கவில்லை.

பனிமேல் அவர் கணக்கு ஒன்று சொன்னது, கருவி வேறொன்று காட்டியது. "அடிப்பக்கம் எப்படி இருப்பதாக எடுத்துக்கொண்டீர்கள்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள் திட்டத் தலைவி இங்கிரிட். தொட்டிப் பக்கமே எட்டிப்பார்க்காதவருக்கு, அது வழுவழுப்பான ஐஸ் பாருக்குப் போட்ட கணக்கு என்று எப்படித் தெரியும்? என் பக்கம் குனிந்து, "ஏங் கண்ணு, எங்க தப்பாச்சு? கொஞ்சம் சொல்லிப்போடேன்" என்றார்.

"உங்க கணக்குதானுங்களே சார். நீங்களே சொல்லுங்க."

என் வயிறு குளிர்ந்தது. இங்கிரிட் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "ஆனாலும் நீ அவரிடம் எவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டாய்" என்று என்னை மெச்சினாள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவைத்தேன்.

விமான நிலையத்தில் என் கையிலிருந்து தன் பெட்டியை வாங்கிக்கொண்டு பேராசிரியர் சொன்னார்: "எல்லாஞ் செரி அம்மணி. இத்தன தூரம் வந்தவன, ஒரு வாங்கன்னு கேக்காமயே உட்டுட்டியே." அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது, சந்தோஷமாகவே இருந்தது.

விமானம் கிளம்பியது. எங்கே அடித்தேன் என்று புரிந்த ஒரே ஆள் அதில் போய்விட்டார். திரும்பி வந்து அலுவலகக் கதவைத் திறந்தேன். உள்ளே எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், எனக்கென்று காபி எடுத்து வைத்திருந்தார்கள். நான் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் வாங்க என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது.