ஜெசிந்தா தள்ளி வைத்த ஓட்டு

என் தங்கை ஜெசிந்தா ஜெயித்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். காலனிக்குத் தனி ரேஷன் கடை, 2002-ல். உப்புக் கரிக்காத போர்வெல், இரண்டு இடத்தில் தோண்டிக் கெட்டுப்போன பிறகு மூன்றாவது இடத்தில். சுடுகாட்டுக்குக் கப்பி ரோடு. வழியை மறித்து வேலி போட்டிருந்தவரே கடைசியில் கல்லைப் பிடுங்கினார். இரண்டு முறை வார்டு உறுப்பினர், அதில் முதல் முறை ஒன்பது ஓட்டு வித்தியாசம். இவையெல்லாம் ஊருக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவள் ஒரு வாக்குப்பதிவையே தள்ளி வைக்க வைத்தாள். அதை மட்டும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நான் கூடவே இருந்தேன்.

எங்கள் காலனி திருப்போரூரிலிருந்து மகாபலிபுரம் போகும் வழியில், உப்பங்கழிக்கு மேற்கே இருக்கிறது. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். ஜெசிந்தா பள்ளிக்கூடம் போனதில்லை. பதினோரு வயதிலிருந்து கேளம்பாக்கம் உப்பளத்தில் வேலை. 1999-ல் வார்டு உறுப்பினர் ஒருவர் இறந்து, நவம்பர் 28 ஞாயிற்றுக்கிழமை இடைத்தேர்தல் என்று அறிவித்தார்கள். ஜெசிந்தா நின்றாள். எதிர்த்து நின்றவர் மேட்டுத் தெரு கண்ணாயிரம், மணல் லாரி வைத்திருப்பவர். வார்டில் மொத்தம் 391 ஓட்டு.

அந்த மாத மழையில் குடிதண்ணீர்க் குழாய்க்குள் சாக்கடை புகுந்து காலரா வந்தது. ஆறு நாளில் இரண்டு பேர் செத்தார்கள். 63 ஓட்டுக்காரர்கள் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் கிடந்தார்கள். சுகாதார ஆய்வாளர் வந்து தண்ணீர்த் தொட்டியைப் பூட்டினார். வாரச் சந்தையை நிறுத்தினார். அந்தோணியார் தேர்பவனியை நிறுத்தினார். பள்ளிக்கூடத்தையும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். ஓட்டுச்சாவடியே அந்தப் பள்ளிக்கூடம்தான். அதனால் தேர்தலும் நின்றுபோனது என்று காலனியில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். சாமி தேரையே நிறுத்தியவருக்கு ஓட்டுப்பெட்டி எம்மாத்திரம் என்று நானும்தான் நினைத்தேன்.

ஜெசிந்தாவுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. நிறுத்தியதற்குக் காகிதம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வியாழக்கிழமை சாயந்திரம் மேட்டுத் தெருவில் பந்தல் போடச் சவுக்குக் கழி இறக்கினார்கள். தேர்தல் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பதில் பந்தலில் ஓட்டு, ஞாயிறு காலை ஏழு மணிக்கு.

காலனிப் பையன்கள் உடனே வேன் பேசப் போனார்கள், ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைக் கூட்டிவர. பக்கத்து வீட்டுத் தெய்வநாயகி, கையில் ஊசி இறங்கிய நிலையிலேயே, பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் இருந்தால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்டுத்தான் ஜெசிந்தா பயந்தாள். ஓட்டு போனால் போகட்டும், வேனில் ஒரு பிணம் விழுந்தால் அது தன் பேரில்தான் விழும் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை பஸ்ஸில் கிளம்பினோம். சுகாதார ஆய்வாளர், பள்ளிக்கூடத்தைப் பூட்டத் தனக்கு அதிகாரம் உண்டு, தேர்தலைப் பூட்ட இல்லை என்றார். ஒன்றிய அலுவலகத்தில் தேர்தல் அலுவலர், தேதியை மாற்றுவது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கையில் இருக்கிறது, தான் நிலைமையை எழுதி அனுப்பத்தான் முடியும் என்றார். அதற்கு வேட்பாளரின் மனுவும் சுகாதாரச் சான்றும் வேண்டும். நாலு மணிக்குள் ஃபேக்ஸ் போனால்தான் ஆணையத்தில் இன்றைக்கே பார்ப்பார்கள். இரண்டையும் வாங்கி அனுப்பும்படி கிளார்க் அருணகிரியிடம் சொல்லிவிட்டு, அவரும் துணை அலுவலரும் வாக்குச்சாவடி ஊழியர் பயிற்சிக்காகச் செங்கல்பட்டு போய்விட்டார்கள்.

சான்று வாங்கி, மனுவை நான் எழுதி, ஜெசிந்தா பெருவிரல் ரேகை வைத்து, நாங்கள் ஒன்றிய அலுவலகத்துக்குத் திரும்பியபோது மணி இரண்டு நாற்பது. கண்ணாயிரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"தோக்கற பயத்துல நோவை சாக்கு சொல்லிகினு கீற," என்றார்.

"நோவு உன்னாண்ட தேதி கேட்டுகினா வந்துச்சு, அண்ணாத்த?" என்றாள் ஜெசிந்தா.

அருணகிரி மனுவைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ரேகை என்றால் அலுவலர் கண்ணெதிரே வைக்க வேண்டும், அவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். வேட்புமனு அன்றும் அப்படித்தான் செய்தார்கள். செங்கல்பட்டு போய் வர மூன்று மணி நேரம் ஆகும்.

"கையெழுத்துன்னா நானே வாங்கிக்கலாம்மா. கைநாட்டுக்கு எனக்குப் பவர் இல்ல."

நான் அவளை வெளியே கூட்டிப் போய், அவள் பெயரை நானே போட்டுவிடுகிறேன் என்றேன்.

"வேணாண்ணா. அந்தாளு பாத்துகினே கீறான். நாளைக்குக் கேஸு போட்டு மொத்தத்தையும் கவுத்துடுவான். எனக்கே எழுதக் கத்துக் குடு."

ஜெராக்ஸ் கடை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். கெட்டுப்போன தாள்களைக் கடைக்காரர் கொடுத்தார். முதலில் கொம்பு, அப்புறம் ஜ. அவள் பேனாவை உப்பு வாரும் பலகைபோல இறுக்கிப் பிடித்தாள், தாள் கிழிந்தது. சி வந்தது. ந் வரவில்லை. கொம்பை மறந்து ஜவில் ஆரம்பித்தாள். அடுத்த தாள். முப்பத்தொரு வயதில் விரல் வளையவில்லை என்று தன் கையையே திட்டினாள். நான் மணியைச் சொல்லாமல் இருக்கப் பார்த்தேன். அவளே கடைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேதிக்கான எண்கள் மட்டும் சுலபமாக வந்தன. பஸ் நம்பர் பார்த்துப் பழகியவள். பதினேழு தாள் ஆனது. எண்ணினேன்.

புது மனு எழுதி, மூன்று நாற்பத்தைந்துக்கு உள்ளே போனோம். அருணகிரி எதிரில் நின்றபடியே போட்டாள். கொம்பு பெரிதாக இருந்தது, தா கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. கண்ணாயிரம் எழுந்து வந்தார்.

"ஒரு மணி நேரத்துல கத்துகினது செல்லுமா சார்?"

"எப்ப கத்துகினாங்கன்னு கேக்கச் சொல்லி ரூல் இல்லிங்க," என்று அருணகிரி ஃபேக்ஸ் அருகே போனார்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆணையத்தின் உத்தரவு வந்தது, வாக்குப்பதிவை மூன்று வாரம் தள்ளி. வேனை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம். டிசம்பர் 19 அன்று தெய்வநாயகி நடந்துவந்து ஓட்டுப் போட்டாள். அந்தத் தேர்தலில்தான் அந்த ஒன்பது ஓட்டு வித்தியாசம். அருணகிரி முத்திரை குத்திக் கொடுத்த மனு நகல் என்னிடம் இருக்கிறது. பெயருக்குக் கீழே அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள்: 26.11.1999.