மூக்கைப் பிடித்தால் கனவு தெரியும்

போன வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸில் ஒரு சின்னச் சண்டை. காரணம், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் மீனா.

காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் கூடையோடு ஒரு பூக்கார அம்மா.

"ஏன் பாப்பா, என் கூடையில கருவாடா இருக்கு? அத்தனையும் மல்லிப்பூ!"

"ஐயோ, அதுக்கில்லீங்க ஆன்ட்டி. இது கனவான்னு செக் பண்றேன்."

"விடியறதுக்கு முன்னாடி எங்கூடப் பூ எடுக்க வா... கனவா நெசமான்னு நல்லாத் தெரியும்!"

பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

வீட்டுக்கு வந்து விசாரித்தேன். லைப்ரரியில் எடுத்த ஒரு நாவலின் வேலை! கதாநாயகன் கனவு காணும்போதே 'இது கனவு' என்று கண்டுபிடித்துவிடுவானாம். மூக்கைப் பிடித்த பிறகும் மூச்சு வந்தால் கனவு. அப்படியே பழைய நாளுக்குள் போய், நடந்ததை மாற்றிவிடுவான். பகலில் பழகினால்தான் கனவிலும் கை தானாக மூக்குக்குப் போகுமாம்.

"சரி, நீ எதை மாத்தப் போறே? கணக்குப் பரீட்சையையா?"

மீனா சிரிக்கவில்லை.

"அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு... ஒரு சடைதான்ப்பா பின்னியிருந்தாங்க. ஸ்கூல் வேன் ஹாரன் அடிச்சுது. நில்லுடீன்னாங்க. நான் ஓடிட்டேன்."

அவள் அம்மா அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவேயில்லை.

நான் பத்தாவதோடு நின்றவன். புத்தூரில் மிக்ஸி ரிப்பேர் கடை. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் காயில் சுற்றத் தெரியும். இதற்கு?

'அதெல்லாம் கதைம்மா' என்று வாய்வரை வந்தது. மறுநாள் அந்த நாவலைக் கடைக்கு எடுத்துப் போனேன். மத்தியானம், ஆள் வராத நேரத்தில் படித்தேன். படித்துவிட்டு - சிரிக்காதீர்கள் - நானும் மூக்கைப் பிடித்தேன்.

மூச்சு முட்டியது. நிஜக் கடை. நிஜ மத்தியானம். "சாப்டாச்சா?" என்று கேட்டு வீட்டிலிருந்து போன் வராத மத்தியானம்.

ஒரே வீட்டில் இரண்டு பேர். தேடுவது ஒரே ஆளை. ஆனால் ஆளுக்கொரு மூலையில், தனித்தனியாக மூக்கைப் பிடித்துக்கொண்டு... இது என்ன கூத்து? வாயைத் திறந்து பேசியிருக்கலாமே!

நேற்றுக் காலை சடை பின்னிக்கொண்டிருந்தேன். நான் பின்னினால் ஒன்று மேலே நிற்கும், ஒன்று கீழே தொங்கும்.

"அப்பா, கனவு வந்துச்சு."

என் கை நின்றது. "மூக்கைப் பிடிச்சியா?"

"மறந்தே போயிட்டேன். ஆனா வேன் ஹாரன் அடிச்சப்போ நான் போகலப்பா. அம்மா ரெண்டாவது சடையும் பின்னி முடிச்சாங்க."

"என்ன சொன்னா?"

"ஆடாம நில்லுடீன்னு திட்டினாங்க." மீனா சிரித்தாள். நான் ரிப்பனைக் கட்டினேன். நாவலில் வருவதுபோல விழித்ததும் எதுவும் மாறவில்லை. அதே வீடு, அதே கோணல் சடை. அவள் சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

எனக்கு இன்னும் கனவு வரவில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்னைக் கேட்டாளா?"

"கேட்டாங்க. கடைக்குப் போயிருக்காருன்னு சொன்னேன்."

"அடுத்த தடவை கேட்டா... இன்னிக்குக் கடை லீவுன்னு சொல்லும்மா."