தனோஜனின் வைகாசிப் பிறந்த நாள்

என் தம்பி தனோஜன் பதினாறு வயதுக்குள் வென்றவை இவை. 1992இல், முட்டை வடிவப் பந்தைத் தொட்டுப் பத்து மாதம்கூட ஆகாதபோது, பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் சிறந்த ஆட்டக்காரன். 1993இல், அரை நேரத்தில் ஆஸ்மாவுக்கு மூச்சுப் பம்ப் அடித்துக்கொண்டு திரும்பி ஓடிய இறுதி ஆட்டத்தில் ஐந்து கோல். 1994இல், தெரிவுக்கு வந்தவர்களில் உயரம் குறைந்தவனாக இருந்தும் நியூசிலாந்தின் ஒக்லாந்து இளையோர் அணியில் இடம். 1995இல் அதே அணிக்குத் தலைமை. எல்லாப் பையன்களும் ரக்பிக்குப் போகிற ஊரில், ஒஸ்ரேலியன் ரூல்ஸ் என்ற ஆட்டத்துக்கு ஒரு சொந்த மைதானமும் இல்லாமல், கிரிக்கெட் திடலின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பம் நட்டு ஆடி வென்றவை. எத்தனை தரம் உதைத்தான், எத்தனை பந்தை அந்தரத்தில் பிடித்தான் என்பதை ஒவ்வோர் ஆட்டத்திலும் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். ஆகவே இதில் பிழை இராது.

ஒவ்வொரு வெற்றியோடும் அவன் வயது பற்றி ஒரு சந்தேகமும் வந்தது. பதின்மூன்று வயதிலேயே அவனுக்கு மீசை அரும்பிவிட்டது. எல்லைக் கோட்டில் குடை பிடித்து நிற்கும் தாய்மார் அவனைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். என் ஆங்கிலம் கடையில் பில் போடும் அளவுக்குத்தான். ஒன்பதாம் வகுப்போடு யுத்தம் என்னை நிறுத்திவிட்டது. ஆனாலும் "ஷேவ்" என்ற சொல் விளங்கியது.

நானும் அவர்களை நம்பவில்லை. 1989இல் நாங்கள் பாங்கொக்கில் நின்றபோது, நியூசிலாந்துக்கு அனுப்புவதாகச் சொன்ன ஒருவனிடம் நாலு பேருடைய பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டு, அவை திரும்பி வரும்வரை ஏழு கிழமை அறைக்குள் கிடந்திருக்கிறோம். அதன் பிறகு ஒரு கடதாசியும் என் கண் பார்வைக்கு அப்பால் போக நான் விட்டதில்லை.

1995 ஓகஸ்டில், மெல்பேர்ண் கிளப் ஒன்றின் ஆள் கிளென் ஈடனில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். பெயர் டௌலிங். இளையோர் அணியிலிருந்து ஒரே ஒருவனை அடுத்த வருடம் எடுக்கப் போவதாகவும், அது தனோஜன் அல்லது கிரெய்க் கார்வி என்றும் சொன்னார். சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் கிளப். ஒரேயொரு நிபந்தனை: 1996 மார்ச் 31க்குள் பதினேழு வயது நிறைந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின்படி தனோஜன் பிறந்தது 1979 ஜனவரி 20. கணக்குச் சரியாக இருந்தது.

அவர் பாஸ்போர்ட்டைக் கேட்டார். பிரதி எடுத்துவிட்டு நாளைக்குத் தருவாராம்.

"நாளைக்கு வேண்டாம்," என்றேன். "மூலையில டெய்ரிக் கடை இருக்கு. அங்க போட்டோகொப்பி மெசின் இருக்கு. நானும் வாறன்."

தனோஜன் மொழிபெயர்த்தான். டௌலிங் சிரித்தார். நான் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடியே அவரோடு டெய்ரிக்கு நடந்து போய், நானே மெசினில் வைத்து, பிரதியை மட்டும் கொடுத்தேன்.

"அக்கா, அந்த மனுசன் பயந்துபோனார்," என்றான் தம்பி.

"பயப்படட்டும். பயந்தவன் ஏமாத்தமாட்டான்."

மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது, டௌலிங்கிடமிருந்து அல்ல, ஆட்டத்தை நடத்தும் ஒக்லாந்துச் சங்கத்திலிருந்து. தனோஜனின் வயது பற்றி முறைப்பாடு. எழுதியவர் திருமதி கார்வி, கிரெய்க்கின் தாய். அணியின் பதிவுப் படிவங்களை நிரப்புகிறவரும் அவரே. ஜூனில் கிரெய்க் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று தனோஜனுக்குப் பிறந்த நாள் கொண்டாடினார்கள் என்றும், படிவத்திலோ ஜனவரி என்று இருக்கிறது என்றும், இரண்டு பிறந்த நாள் உள்ள பையனுக்கு உண்மையில் எத்தனை வயது என்றும் அவர் கேட்டிருந்தார். குடும்பத்தில் பெரியவர் ஒருவர் ஜே.பி. எனப்படும் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும் என்று சங்கம் எழுதியிருந்தது.

அந்தப் பையன் எங்கள் வீட்டில் பாயாசம் இரண்டு கிண்ணம் குடித்தவன்.

"தன்ர மகனை முன்னுக்குத் தள்ள வேற வழி தெரியேல்ல அவவுக்கு," என்றேன்.

"கிரெய்க் சும்மா சொல்லியிருப்பான் அக்கா. அவன் அப்பிடியில்லை."

"தாய் கேக்கச் சொல்லி விட்டிருப்பா. நீ ஒரு விசரன்."

நடந்தது எங்கள் வழக்கம். அம்மா ஆங்கிலத் திகதியைக் கணக்கில் எடுப்பதில்லை. வைகாசி மாதத்தில் சுவாதி நட்சத்திரம் வருகிற நாளில் சாமிப்படத்துக்கு விளக்கேற்றி, தம்பிக்குத் திருநீறு பூசி, பாயாசம் கொடுப்பார். இதை எழுதி விளக்கினால் முடிந்தது என்று நினைத்தேன். ஆதாரத்துக்கு அம்மாவின் சூட்கேசிலிருந்து தம்பியின் சாதகக் குறிப்பை எடுக்கப் போனேன்.

அப்போதுதான் மனதில் ஒன்று இடறியது. நட்சத்திரப் பிறந்த நாள் திகதியிலிருந்து சில நாட்கள் விலகும்; மாதம் மாறாது. ஜனவரி இருபது தை மாதம். தையில் பிறந்தவனுக்கு அம்மா ஏன் வைகாசியில் விளக்கேற்றுகிறார்? பதினாறு வருடம் அந்தப் பாயாசத்தைக் குடித்தவள் நான். எல்லோரையும் சந்தேகித்தவள், இதைக் கேட்கவில்லை.

குறிப்பை விரித்தேன். உள்ளே நாலாக மடித்த பிறப்புப் பத்திரம் இருந்தது. தனோஜன் மகேசன். 1979 ஜூன் 7.

திருமதி கார்வி சந்தேகித்தது போல அவன் வயது கூடியவன் அல்ல. கடதாசியில் சொன்னதைவிட நாலரை மாதம் குறைந்தவன். அந்த நாலரை மாதம் போதும். மார்ச் முப்பத்தொன்றில் அவனுக்குப் பதினேழு நிறையாது.

அப்பா மங்கரேயில் விமானச் சரக்கு ஏற்றும் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். பத்திரத்தை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"இது துலைஞ்சு போச்செண்டு சொன்னனீங்கள்."

"பள்ளிக்கூடத்துக்கு அப்பிடிச் சொன்னனான்."

"ஏன் அப்பா?"

"ஜனவரி முப்பத்தொண்டுக்கு முன்னம் அஞ்சு வயசு நிறைஞ்சால்தான் முதலாம் வகுப்பு. இவன் அடுத்த வருசம்தான் போகலாம். நீ அதுக்குள்ள பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறிப்போடுவாய். வழியில ஆமிக்காரன். ஒரு வருசமெண்டாலும் நீ கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போவாயெண்டுதான், இவன் ஜனவரியில பிறந்தவனெண்டு ஜே.பி.யிட்டச் சத்தியக் கடதாசி குடுத்தன். பிறகு பாஸ்போர்ட், இங்கத்த பேப்பர் எல்லாம் அதைப் பாத்து எழுதினதுதான்."

அம்மா குசினி வாசலில் நின்றார். "நான் அப்பவே சொன்னனான்," என்றார்.

"நீ சொன்னாய். பாயாசமும் காய்ச்சினாய்," என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. நான் கணக்குப் பார்த்தேன். பிறப்புப் பத்திரத்தைத் திரும்ப மடித்து வைத்தால், பாஸ்போர்ட் தம்பியின் பக்கம். அப்பா ஒரு கையெழுத்துப் போட்டால் திருமதி கார்வியின் வாய் அடைபடும், தம்பி மெல்பேர்ணுக்குப் போவான். உண்மையைச் சொன்னால் அந்த இடம் கிரெய்க்குக்கு. அதோடு விட்டாலும் பரவாயில்லை.

"இமிகிரேசன்காரன் என்ன நினைப்பான்?" என்று அப்பா கேட்டார். "திகதி பொய்யெண்டால், நாங்கள் ஊரில பட்டதாச் சொன்னதும் பொய்யெண்டுவான். ஒண்டைத் துழாவினால் எல்லாத்தையும் துழாவுவான்."

"அப்ப சும்மா இருப்பம்," என்றேன். உண்மையாகவே அப்படித்தான் சொன்னேன்.

தனோஜன் கிட்ட வந்தான். பிறப்புப் பத்திரத்தை எடுத்து இரண்டு தரம் வாசித்தான். "நான் ஜூன்காரனோ?" என்று கேட்டுவிட்டு, "அப்பா, நீங்கள் ஜனவரியெண்டு சத்தியம் பண்ணுவீங்களோ?" என்றான்.

அப்பா கழற்றிய சப்பாத்தை ஓரமாக வைத்தார். "ஒருக்காப் பண்ணிப்போட்டன்," என்றார். "அது பிள்ளை வழியில தனியப் போகக்கூடாதெண்டு. இது மற்றவன்ர பிள்ளையின்ர இடத்தைப் பறிக்க. ஏலாது."

"அப்ப சரி," என்றான் தம்பி. எழுந்து வெளியே போய் இருட்டும்வரை வேலியில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான்.

நியூ லின்னில் ஒரு சமாதான நீதவான் முன் அப்பா நடந்ததை முழுதாகச் சொல்லிக் கையெழுத்திட்டார். ஒரு பிரதி சங்கத்துக்கு, ஒன்று டௌலிங்குக்கு, ஒன்று இமிகிரேசனுக்கு. தனோஜன் வயது கூடியவன் அல்ல என்று சங்கம் எழுதியது. திருமதி கார்வி ஒரு சனிக்கிழமை என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். மகனின் இடம் உறுதியான பிறகு கேட்கும் மன்னிப்பு எவ்வளவு பெறும் என்று எனக்கு இன்றும் தெரியாது. கிரெய்க் மெல்பேர்ணுக்குப் போனான். "அடுத்த வருடம் பார்ப்போம்," என்று டௌலிங் எழுதினார். அதை நான் ஒரு மரியாதைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

இமிகிரேசனிலிருந்து ஐந்து மாதம் பதில் இல்லை. தபால்காரர் வந்துபோன பிறகுதான் அப்பா சாப்பிடுவார். பெப்ரவரியில் மெல்லிய உறை ஒன்று வந்தது. திகதி திருத்தப்பட்டது, வேறு கேள்வி இல்லை. அப்பா அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

1996இல் தனோஜன் பெரியவர்களோடு ஆடினான். பதினாறு வயதுப் பையனை முப்பது வயதுக்காரர்கள் முதல் ஆட்டத்திலேயே மூன்று தரம் மண்ணில் புரட்டினார்கள். நாலாவது தரம் அவன் பந்தோடு வெளியே வந்தான். அந்தப் பருவத்தில் பதினான்கு ஆட்டம், முப்பத்தொரு கோல். எட்டாவது ஆட்டத்தில் டௌலிங் கம்பத்தருகே தனியாக நிற்கக் கண்டேன். சொல்லாமல் வந்திருந்தார். நான் போய்க் கதைக்கவில்லை. அவர் திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்.

மெல்பேர்ண் கிளப்பின் ஒப்பந்தம் நவம்பரில் வந்தது. பதினொரு பக்கம். அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன். காயப்பட்டால் யார் பொறுப்பு என்பது விளங்காததால், டௌலிங்கைத் தொலைபேசியில் அழைத்துத் தம்பியைக் கேட்க வைத்தேன். பதிலை எழுத்தில் வாங்கினேன். பிறந்த திகதிக்கு உரிய கட்டத்தில் ஜூன் 7 என்று சரியாக இருந்தது.

அதுவரை அவனுடைய படிவம் எதிலும் அவன் ஒப்பம் இல்லை. நானோ அப்பாவோதான் வைத்திருந்தோம். பதினேழு வயதுக்காரன் என்பதால் இதிலும் அப்பாவுக்கு ஒரு வரி இருந்தது, ஆனால் கீழே. மேல் வரி அவனுடையது. எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்டான். உன் பெயரைத்தான் எழுது என்றேன். எங்கள் சாப்பாட்டு மேசை முன் அமர்ந்து, தனோஜன் மகேசன் என்று முழுதாக, அவசரப்படாமல் எழுதினான். அது 1996 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை.