உட்கார்ந்தபடி பறிக்கிற காப்பி

பைக்கிலிருந்து விழுந்து முதுகெலும்பு ஒடிந்தபோது என் தம்பிக்கு முப்பதுகூட ஆகவில்லை. தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தான். அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அவனுக்கு எதுவும் அசையவில்லை. கிழக்கேகோட்டை வீட்டில் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தான். அம்மா ஊட்டினால் வாயைத் திறப்பான், அவ்வளவுதான்.

ஒருநாள் மொபைலை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "அக்கா, இது கட்டூரா. அராபிகாவிலே குட்டை இனம். மத்த காப்பிச்செடி ஆளுக்கு மேல வளரும். இது வளராது. வீல்சேர்ல இருந்தே கை எட்டும், கேட்டியா."

பொன்முடிச் சரிவில் அப்பா விட்டுச்சென்ற நிலம் கொஞ்சம் காடாய்க் கிடந்தது. சமமான பகுதியைத் திருத்தி, வீல்சேர் போகும் அகலத்துக்குச் சிமென்ட் பாதை போட்டு நாற்று வைத்தோம். லீவு நாட்களில் நான் காரில் கூட்டிப்போவேன். அவனைத் தூக்கி உட்காரவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். அவனோ பேசிக்கொண்டே இருப்பான். கணுக்கள் நெருக்கம் என்பதால் கொத்துக்கொத்தாய்க் காய்க்குமாம், சீக்கிரமே காய்க்குமாம். ஆனால் உரம் குறைந்தால் செடி ஓய்ந்துவிடும், இலையடியில் ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் துருநோய். ஒவ்வொரு செடியருகிலும் வண்டியை நிறுத்தி இலையைத் திருப்பிப் பார்ப்பான். மூன்றாம் வருஷம் கோடைமழைக்குப் பிறகு முதல்முறை வெள்ளையாய்ப் பூத்தபோது அழுதான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

காய் பழுக்கத் தொடங்கிய நேரத்தில் உட்கார்ந்தே இருந்ததில் அவனுக்குப் பின்பக்கம் வந்திருந்த படுக்கைப்புண்ணில் கிருமி ஏறியது. உணர்ச்சியில்லாத இடம். வலி தெரியாததால் காய்ச்சல் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஐசியுவில் என்னிடம் கேட்டான்.

"பழம் செவந்திட்டா?"

"செவந்திட்டு டே. நீ வா, பறிப்போம்."

"எனக்காக நிக்காத. ரொம்பப் பழுத்தா உதிர்ந்திரும். ருசியும் போயிரும்."

அவனை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? அந்த வாரமே அவன் போய்விட்டான்.

காரியங்கள் முடிந்து நானும் அம்மாவும் போனபோது பாதிப் பழம் கறுத்து உதிர்ந்திருந்தது. மிச்சத்தைப் பறித்தோம். அம்மாவால் நிற்க முடியவில்லை, பாதையிலேயே உட்கார்ந்து பறித்தாள். தோலை நசுக்கிக் கழற்றி, மொட்டைமாடியில் காயவைத்து, இரும்புச்சட்டியில் வறுத்தேன். பொடித்துப் பாலில்லாமல் காப்பி போட்டேன். எலுமிச்சை மாதிரி கூர்மையான புளிப்பு, அதிகம் கனமில்லை, தொண்டையில் இறங்கியபின் மெல்ல ஒரு இனிப்பு. சிக்கரிக் காப்பிக்குப் பழகிய அம்மா ஒரு வாய் குடித்தாள். "இதுக்கா எம்பிள்ள இம்புட்டுப் பாடுபட்டான்?" என்றாள். ஆனாலும் தம்ளரைக் கீழே வைக்கவில்லை, முழுக்கக் குடித்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் துரு வந்தது. வேலையை விட்டு என்னால் அடிக்கடி போக முடியவில்லை. கடைசியாகப் போனபோது செடிகள் வெறும் குச்சியாய் நின்றன. மிளகுக்கொடி வைத்திருக்கும் பக்கத்து நிலத்துக்காரர் வந்து, "சேச்சி, இது வெட்டிட்டு குருமுளகு வெக்கட்டே?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அம்மா, "வெட்டிக்கோ மோனே" என்றாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. நெடுமங்காடு வரும்வரை அடங்கவில்லை. நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.