இருபத்து நான்கில் உடைந்த மகரக்கட்டு

விருதுநகரில் ஒரு மருத்துவமனை வராந்தா. சீட்டு எழுதியவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பிள்ளைக டாக்டர் மூணாம் நம்பர் ரூம்" என்றார். பைக்கிலிருந்து சறுக்கி விழுந்து என் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அப்பா தணிந்த குரலில் சொன்னார்: "இவனுக்கு இருபத்து மூணு முடிஞ்சிருச்சுங்க."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எலும்பு முறிந்த வலி இப்போது ஞாபகமில்லை. அந்தப் பார்வைகள் ஞாபகம் இருக்கின்றன.

அந்த வயதிலும் எனக்கு மீசை முளைக்கவில்லை. மகரக்கட்டு (பருவத்தில் உடைந்து தடிக்கும் பையன்களின் சிறுவயதுக் குரல்) உடையவில்லை. சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் வடிவமைப்பு வேலை பார்த்தேன். போனில் ஆர்டர் சொல்பவர்கள், "ஓனர்ட்ட குடுங்கம்மா" என்பார்கள். நான் திருத்துவதில்லை. நண்பர்கள் கண்மாயில் குளிக்கக் கூப்பிட்டால் காய்ச்சல் என்பேன். சூம்பிய தோள் தெரியாமலிருக்க, கோடையிலும் சட்டைக்குள் இரண்டு பனியன் போடுவேன்.

அப்பா தாயில்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். "எங்க சித்தப்பாவுக்கும் இருபதுக்கு மேலதாம்லே மீச வந்துச்சு. பொறு" என்பார். நம்பினேன். நம்பியே ஏழு வருடம் போயிற்று.

எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு மருத்துவர், படத்திலிருந்த பெயரை இரண்டு முறை சரிபார்த்தார். வளர்ச்சி முடிந்ததும் மூடிவிட வேண்டிய எலும்பு நுனிகள் இன்னும் மூடவில்லை. பதினான்கு வயதுப் பையனின் கை போல இருந்தது. மதுரையில் ஹார்மோன் மருத்துவர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தார்.

மதுரையில் அந்த மருத்துவர் அம்மையார் பரிசோதித்து முடித்து, ரத்த முடிவுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, உங்களுக்கு வாசனை தெரியுமா?"

அப்பா சிரித்தார். "அதெல்லாம் நல்லாத் தெரியும் மேடம்."

"தெரியாது" என்றேன்.

அப்பாவின் சட்டையை எடுக்கும்போது மருந்து வாடை (வெடிமருந்தின் நெடி) என்று அம்மா முகம் சுளிப்பாள். நானும் சேர்ந்து சுளிப்பேன். எல்லோரும் ஒப்புக்குத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"இத்தன வருசம் ஏன்லே சொல்லல?"

"இல்லாதது எனக்கு எப்படிப்பா தெரியும்?"

மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்தார். கருவில் இருக்கும்போது, வாசனை நரம்புகளும் பருவத்தைத் தொடங்கிவைக்கும் செல்களும் மூக்கிலிருந்து ஒரே பாதையில் மூளைக்குப் போகின்றன. எனக்கு அவை வழியிலேயே நின்றுவிட்டன.

"முன்னாடியே கூட்டியாந்திருந்தா?" என்று அப்பா கேட்டார்.

மருத்துவர் பூசி மெழுகவில்லை. "எலும்பு இவ்வளவு பலவீனமாயிருக்காது."

ஊர் திரும்பும் பேருந்தில் அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். திருமங்கலம் தாண்டியதும், கட்டுப் போட்ட என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை டெஸ்டோஸ்டிரோன் (ஆண் உடலின் வளர்ச்சிக்கான ஹார்மோன்) ஊசி. முகமெல்லாம் பரு. காரணமில்லாமல் கோபம் வரும். ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து அழுதேன். ஐந்தாம் மாதம் குரல் பிசிறடித்தது. கம்பெனியில் சிரித்தார்கள். மேலுதட்டில் ரோமம் கறுத்ததைப் பார்த்த அப்பா, "கத்தரி வச்சுராத. நல்லா வரட்டும்" என்றார்.

அது நன்றாக வருவதற்குள் அப்பா போய்விட்டார். ஆலையில் விபத்தா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். இல்லை. சீசன் முடிந்து வீட்டில் இருந்தபோது மாரடைப்பு.

மூத்த மகன் நான். கண்மாய்க் கரையில் என் தலையை மழித்த நாவிதர், மேலுதட்டுக்கு வந்ததும் கத்தியை நிறுத்தினார். மாமா குனிந்து, "இப்பத்தான மொளச்சிருக்கு. மீசைய விட்டுருங்க" என்றார். எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"எடுத்துருங்க" என்றேன். அப்பாவுக்குக் கொடுக்க என்னிடம் அது இருந்தது.

இப்போது எனக்கு முப்பது வயது. எலும்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. முழுதாகத் தேறாது என்கிறார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு ஊசிகளால் பிள்ளை பெற வாய்ப்புண்டு என்பதையும் சொன்னேன். அதன் பிறகு அவர்கள் போன் எடுக்கவில்லை. ஊசியை நிறுத்தினால் இந்த உடம்பு மெல்லப் பின்வாங்கிவிடும். மற்றவர்களுக்கு வயது ஆண்டுகளாகப் போகிறது. எனக்கு மூன்று மூன்று வாரமாகப் போகிறது.

பதினைந்து வயதாகியும் பருவத்தின் அறிகுறி இல்லாத பையன் உங்கள் வீட்டில் இருந்தால், பொறு என்று சொல்லாதீர்கள். பலருக்கு அது வெறும் தாமதமாகவே இருக்கும். அதை ஒரு மருத்துவர் சொல்லட்டும்.

போன வாரம் வாசலில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அம்மா, அப்பாவுக்குப் பதில் சொல்வதுபோல, "இந்தா வாரேங்க" என்றாள். தண்ணீர்ச் செம்போடு வந்தவள், என்னைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். செம்பை வாங்கிக் குடித்தேன்.